வாசிகசாலைச் சேர்வருக்கு வரம்பு கட்டுதல்: ஆப்ஆர்மர் கொள்கை எழுதும் முறை

கல்லடியில் ஒரு வாசிகசாலையின் சேர்வரை நான் சில வருடங்களாகப் பார்த்து வருகிறேன். அலுமாரிக்கு மேல், யூபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு சின்னப் பெட்டிதான். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது. பக்கங்களை உலாவிக்குக் கொடுப்பது என்ஜின்எக்ஸ் என்ற இணையச் சேர்வர் மென்பொருள். அதற்குள் இரண்டு கோப்புறைகள் முக்கியமானவை. ஒன்றில் பழைய ஊர்ச் சஞ்சிகைகள், கோயில் திருவிழா மலர்கள், நோட்டீசுகள் எல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். அது ஊருக்கே பொது. யாரும் வந்து வாசிக்கலாம். மற்றதில் அங்கத்தவர் பதிவேடு: பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி எண். அது வெளியே போகவே கூடாது.

இப்போது என்னோடு சேர்ந்து வேலை பழகும் தம்பி, ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர், முதல் நாளே கேட்டார்: “அண்ணன், என்ஜின்எக்ஸ் முதலாவது கோப்புறையை மட்டும்தானே காட்டுது? பதிவேட்டுப் பக்கம் அது போகவே போகாதே. பிறகு ஏன் இவ்வளவு யோசிக்கிறீங்க?”

நியாயமான கேள்வி. என்ஜின்எக்ஸுக்கு நாம் கொடுத்த அமைப்புக் கோப்பில் சஞ்சிகைக் கோப்புறை மட்டும்தான் இருக்கிறது. ஆனால் அது நாம் அதனிடம் சொல்லிவைத்த சொல் மட்டுமே. அந்த மென்பொருளுக்குள் ஓட்டை இருந்தால் அந்தச் சொல்லை அது மீறிவிடும். 2021 அக்டோபரில் அப்பாச்சி வெப் சேர்வரின் 2.4.49 பதிப்பில் அப்படித்தான் நடந்தது. முகவரியில் புள்ளிகளையும் சாய்கோடுகளையும் கொஞ்சம் மாற்றி எழுதினால் இணையக் கோப்புறைக்கு வெளியே கிடக்கிற கோப்புகளை வாசிக்க வழி கிடைத்தது. அதைத் திருத்தவென்று அவசரமாக வந்த 2.4.50 பதிப்பும் முழுதாகத் திருத்தவில்லை, 2.4.51 வந்த பிறகுதான் சரியானது. உலகம் முழுக்கப் பாவிக்கிற மென்பொருளுக்கே அந்த நிலைமை என்றால், மென்பொருளின் நல்ல குணத்தை மட்டும் நம்பி அங்கத்தவரின் அடையாள அட்டை இலக்கத்தை அதே பெட்டியில் வைப்பது பிழை. மென்பொருளுக்கு வெளியே, இயங்குதளத்தின் கருவான கெர்னலில், இன்னொரு காவல் வேண்டும். அதுதான் கட்டாய அணுகல் கட்டுப்பாடு. உபுண்டுவிலும் டெபியனிலும் அந்த வேலையைச் செய்வது ஆப்ஆர்மர்.

கட்டாயம் என்ற சொல் ஏன்?

சாதாரண லினக்ஸில் ஒரு கோப்பை யார் வாசிக்கலாம், யார் எழுதலாம் என்பதைக் கோப்பின் சொந்தக்காரரே தீர்மானிக்கிறார். உரிமையை மாற்றுகிற சீஎச்மொட் கட்டளையை அடித்தால் கதவு திறக்கும், இன்னொரு தரம் அடித்தால் மூடும். சேர்வரின் முழு அதிகாரமும் உள்ள ரூட் பயனர் என்று வந்துவிட்டால் கேள்வியே இல்லை, எல்லாக் கதவும் திறந்ததுதான்.

வயல் செய்கிற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் விளைகிற வயல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தன் வயலுக்குள் எந்த வரம்பை வெட்டுவது, எதைக் கட்டுவது என்று வயலின் சொந்தக்காரரான போடியார் தானே முடிவெடுக்கலாம். ஆனால் வாய்க்கால் கதவை அவர் நினைத்த நேரம் நினைத்தபடி திறக்க முடியாது. போகம் தொடங்கும் முன் கூட்டம் கூடி எடுத்த முடிவு ஒன்று இருக்கிறது. தண்ணீர்ப் பங்கீட்டுக்குப் பொறுப்பான வட்டை விதானையார் அதைப் பார்த்துத்தான் தண்ணீர் விடுவார். போடியாருக்கு எத்தனை ஏக்கர் இருந்தாலும் அந்த முடிவுக்குக் கட்டுப்பட வேண்டும்.

சீஎச்மொட் என்பது வயலுக்குள் இருக்கிற வரம்பு. ஆப்ஆர்மர் கொள்கை என்பது கூட்டத்தில் எடுத்த முடிவு. ஒரு டீமன், அதாவது என்ஜின்எக்ஸ் போலப் பின்னணியில் ஓடுகிற மென்பொருள், கோப்பு ஒன்றைத் திறக்கப் போனால் கெர்னல் முதலில் வழமையான உரிமையைப் பார்க்கும். அது சரி என்றால் பிறகு கொள்கையைப் பார்க்கும். இரண்டும் சம்மதித்தால்தான் கோப்பு திறக்கும். டீமன் ரூட்டாக ஓடினாலும் கொள்கையில் இல்லாதது கிடைக்காது.

இதற்கு ஒரு எல்லையும் இருக்கிறது, அதையும் தெரிந்துகொண்டே தொடங்க வேண்டும். கொள்கையில் நாம் அனுமதித்த இடத்துக்குள் நடக்கிற களவை ஆப்ஆர்மர் பிடிக்காது. 2014இல் வந்த ஹார்ட்பிளீட் ஓட்டை, சேர்வரின் நினைவகத்தில் ஏற்கனவே கிடந்ததைத்தான் கசியவிட்டது; எந்தக் கோப்பையும் புதிதாகத் திறக்கவில்லை. அந்த மாதிரியானதுக்கு உடனே அப்டேட் செய்வதுதான் வழி. கொள்கை இருக்கிறது என்பதற்காக அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

தொடங்குமுன்

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் வாசிக்கிற ஒலியிலேயே இங்கே எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். என்ஜின்எக்ஸ் என்பது என், ஜி, ஐ, என், எக்ஸ் என்ற ஐந்து எழுத்து. ஏஏ என்று தொடங்குகிற கட்டளைகளில் இரண்டு ‘ஏ’யும் அதன்பின் ஒரு சின்னக் கோடும் வரும். சாய்கோடு, புள்ளி, உடுக்குறி (*), காற்புள்ளி எல்லாம் நான் போட்டபடியே.

முதலில் ஆப்ஆர்மர் ஓடுகிறதா என்று பாருங்கள் (சூடோ என்பது கட்டளையை ரூட்டாக ஓட்டுவதற்கு):

சூடோ ஏஏ-ஸ்டேட்டஸ்

உபுண்டு என்றால் அநேகமாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். டெபியனில் 2019இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து அது தானாகவே இயங்குகிறது. விடையில் எத்தனை ப்ரொஃபைல் ஏற்றப்பட்டிருக்கிறது, எத்தனை கட்டாயமாக அமுலில் இருக்கிறது, எத்தனை முறைப்பாட்டு நிலையில் இருக்கிறது என்று வரும். ப்ரொஃபைல் என்பது ஒரு மென்பொருளுக்கு எழுதிய கொள்கைக் கோப்பு. அமுல் நிலையில் அது தடுக்கும். முறைப்பாட்டு நிலையில் தடுக்காது. “இதை நான் தடுத்திருப்பேன்” என்று லொக்கில், அதாவது நடந்ததைக் குறித்துவைக்கிற பதிவுக் கோப்பில், எழுதி வைத்துவிட்டு விட்டுவிடும். புதிதாகப் பழகுகிறவருக்கு இந்த இரண்டாவது நிலைதான் பெரிய கொடை.

அடுத்து, ஆப்ஆர்மர்-யூடில்ஸ் என்ற மென்பொருள் பொதியை, பொதிகளை நிறுவுகிற ஏபிடி கட்டளை மூலம் நிறுவுங்கள். அதோடு ஆடிட் என்ற சொல்லின் கடைசியில் டி சேர்த்த பெயரில் இருக்கும் பொதியையும் நிறுவுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் ஆப்ஆர்மரின் செய்திகள் கெர்னல் லொக்கில்தான் விழும். கெர்னல் ஒரே நேரத்தில் அதிகமான செய்தி வந்தால் கொஞ்சத்தைக் கைவிட்டுவிடும். நாம் பழகும் கட்டத்தில் கைவிடப்பட்ட அந்த ஒரு வரிதான் தேவையானதாக இருக்கும். ஆடிட் டீமன் இருந்தால் எல்லாம் ஒழுங்காக /வார்/லொக்/ஆடிட்/ஆடிட்.லொக் கோப்பில் சேரும்.

இப்போது சூடோ ஏஏ-அன்கன்ஃபைன்ட் என்று அடியுங்கள். வலையமைப்பில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிற டீமன்களில் எதற்கு ப்ரொஃபைல் இல்லை என்று அது காட்டும். எங்கள் பெட்டியில் என்ஜின்எக்ஸ் அந்தப் பட்டியலில் நின்றது. உபுண்டுவின் என்ஜின்எக்ஸ் பொதியோடு ப்ரொஃபைல் எதுவும் வருவதில்லை. நாம்தான் எழுத வேண்டும்.

முதலில் தாளில்

தம்பியிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, என்ஜின்எக்ஸ் செய்யும் வேலையை ஒரு பக்கத்தில் எழுதச் சொன்னேன். எந்தக் கட்டளையும் அடிக்க வேண்டாம், யோசித்து எழுதட்டும் என்று விட்டேன். அவர் எழுதியது கிட்டத்தட்ட இது: தன் அமைப்புக் கோப்புகளை வாசிக்கும். சஞ்சிகைக் கோப்புறையை வாசிக்கும். பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழை வாசிக்கும். லொக் எழுதும். 80, 443 ஆகிய போர்ட்டுகளில், அதாவது வலையமைப்பு வாசல்களில், காது கொடுக்கும். ரூட்டாகத் தொடங்கிப் பிறகு சாதாரணப் பயனராக இறங்கும்.

ஆறு வசனம். இந்த ஆறுதான் கொள்கை. மற்றதெல்லாம் இதை ஆப்ஆர்மரின் பாஷையில் எழுதுவது மட்டுமே.

ஏஏ-ஜென்ப்ரொஃப் என்று ஒரு கருவி இருக்கிறது. டீமனை ஓடவிட்டு, அது தொடுகிற ஒவ்வொன்றையும் காட்டி “அனுமதிக்கவா?” என்று கேட்டு, நமக்காக ப்ரொஃபைலை எழுதித் தரும். நல்ல கருவிதான். ஆனால் முதல் ப்ரொஃபைலை அதனிடம் விடாதீர்கள். அதற்குத் தெரிந்தது அந்த டீமன் இன்று செய்தது மட்டும். அது என்ன வேலைக்காக இருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் எனக்கு ஒரு தரம் நடந்ததைக் கீழே சொல்கிறேன்.

கோப்பை எழுதுதல்

/ஈடிசி/ஆப்ஆர்மர்.டி/ கோப்புறைக்குள் யூஎஸ்ஆர்.எஸ்பின்.என்ஜின்எக்ஸ் என்ற பெயரில் ஒரு கோப்பைத் திறந்து இதை எழுதுங்கள்:

இன்க்ளூட் <ட்யூனபிள்ஸ்/குளோபல்>
ப்ரொஃபைல் என்ஜின்எக்ஸ் /யூஎஸ்ஆர்/எஸ்பின்/என்ஜின்எக்ஸ் {
  இன்க்ளூட் <அப்ஸ்ட்ராக்ஷன்ஸ்/பேஸ்>
  இன்க்ளூட் <அப்ஸ்ட்ராக்ஷன்ஸ்/நேம்சர்வீஸ்>
  இன்க்ளூட் <அப்ஸ்ட்ராக்ஷன்ஸ்/ஓப்பன்எஸ்எஸ்எல்>
  கேப்பபிலிட்டி நெட்_பைண்ட்_சர்வீஸ்,
  கேப்பபிலிட்டி செட்யூஐடி,
  கேப்பபிலிட்டி செட்ஜிஐடி,
  கேப்பபிலிட்டி டிஏசி_ஓவர்ரைட்,
  /யூஎஸ்ஆர்/எஸ்பின்/என்ஜின்எக்ஸ் எம்ஆர்,
  /ஈடிசி/என்ஜின்எக்ஸ்/** ஆர்,
  /ரன்/என்ஜின்எக்ஸ்.பிஐடி ஆர்டபிள்யூ,
  /வார்/லொக்/என்ஜின்எக்ஸ்/*.லொக் டபிள்யூ,
  /வார்/லிப்/என்ஜின்எக்ஸ்/** ஆர்டபிள்யூ,
  /எஸ்ஆர்வி/சஞ்சிகை/** ஆர்,
}

கடைசி எழுத்துகள்தான் உரிமை. ஆர் என்றால் வாசிக்கலாம், டபிள்யூ என்றால் எழுதலாம், எம் என்றால் கோப்பை இயங்கு குறிமுறையாக நினைவகத்தில் ஏற்றலாம். ஒவ்வொரு வரியின் முடிவிலும் காற்புள்ளி கட்டாயம். அது விடுபட்டால் கோப்பு ஏறாது. இன்க்ளூட் வரிகளுக்கும் நெளி அடைப்புக்குறி வருகிற வரிகளுக்கும் மட்டும் அது தேவையில்லை.

உடுக்குறியில் கவனம் வையுங்கள். ஒற்றை உடு அந்தக் கோப்புறைக்குள் மட்டும் நிற்கும், சாய்கோட்டைத் தாண்டாது. இரட்டை உடு உள்ளே இருக்கிற உள்கோப்புறைகள் எல்லாவற்றுக்கும் இறங்கும். சஞ்சிகைகளுக்கு வருடவாரியாக உள்கோப்புறைகள் இருப்பதால் இரட்டை உடு. லொக்குக்கு ஒற்றை போதும்.

கேப்பபிலிட்டி என்பது ரூட்டின் அதிகாரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தது. நெட்_பைண்ட்_சர்வீஸ் இருந்தால்தான் 1024க்குக் கீழுள்ள போர்ட்டுகளில் உட்காரலாம். செட்யூஐடியும் செட்ஜிஐடியும் ரூட்டிலிருந்து சாதாரணப் பயனராக இறங்குவதற்கு. டிஏசி_ஓவர்ரைட் ஏன் என்று தம்பி கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான், ஏனென்றால் அது பெரிய அதிகாரம். என்ஜின்எக்ஸின் லொக் கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமானவை அல்ல. இணையப் பயனருக்குச் சொந்தம், மற்றவருக்கு எழுத உரிமை இல்லை. ரூட்டாகத் தொடங்குகிற முதல் செயல்முறை அதைத் திறக்க வேண்டுமென்றால் கோப்பு உரிமையை மீறுகிற இந்த அதிகாரம் வேண்டும். ரூட்டுக்கு எல்லாம் முடியும் என்று நாம் நினைப்பதே இந்தத் துண்டுகள் எல்லாம் அதன் கையில் இருப்பதால்தான். கொள்கை அவற்றை எண்ணிக் கொடுக்கிறது.

அப்ஸ்ட்ராக்ஷன் என்பவை எல்லா மென்பொருளுக்கும் பொதுவாகத் தேவைப்படுகிற உரிமைகளைக் கட்டிவைத்த கட்டுகள். நூலகக் கோப்புகள், நேர வலயம், பெயர் தேடுதல், அதற்கான வலையமைப்பு எல்லாம் அதற்குள் வரும். வசதிதான், ஆனால் திறந்து வாசிக்காமல் சேர்க்காதீர்கள். நேம்சர்வீஸ் கட்டுக்குள் /ஈடிசி/பாஸ்வேர்ட் என்று நாம் வாயால் சொல்கிற, பயனர் பட்டியல் இருக்கிற அந்தக் கோப்பை வாசிக்கும் உரிமையும் இருக்கிறது. கடவுச்சொற்கள் அதில் இல்லை என்பதால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் தங்கள் கொள்கையைச் சோதிக்கிற பலர் முதலில் திறந்து பார்ப்பது அந்தக் கோப்பைத்தான். அது திறந்ததும் “ஆப்ஆர்மர் வேலை செய்யவில்லை” என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். வேறு கோப்பில் சோதியுங்கள்.

சான்றிதழ் வரியை மேலே வேண்டுமென்றே எழுதவில்லை. அதற்கு வருகிறேன்.

ஏற்றுதல், பார்த்திருத்தல்

கோப்பை முறைப்பாட்டு நிலையில் ஏற்றுங்கள்:

சூடோ ஏஏ-கம்ப்ளெயின் /ஈடிசி/ஆப்ஆர்மர்.டி/யூஎஸ்ஆர்.எஸ்பின்.என்ஜின்எக்ஸ்
சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் என்ஜின்எக்ஸ்

இரண்டாவது வரியை விடக்கூடாது. ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த செயல்முறையை முதல் தரம் ஏற்றுகிற ப்ரொஃபைல் பிடிக்காது. அது திரும்பத் தொடங்கும்போதுதான் கொள்கை அதன்மேல் விழும். பிடித்ததா என்று பார்க்க பிஎஸ் கட்டளையை, ஒரு சின்னக் கோடு, சின்ன ‘இ’, பெரிய ‘இசட்’ சேர்த்து அடியுங்கள். என்ஜின்எக்ஸ் வரிகளின் தொடக்கத்தில் ப்ரொஃபைலின் பெயரும் அடைப்புக்குறிக்குள் கம்ப்ளெயின் என்ற சொல்லும் நின்றால் சரி. அன்கன்ஃபைன்ட் என்று நின்றால் ரீஸ்டார்ட் ஆகவில்லை, அல்லது பாதை பிழை.

இனி டீமனை அதன் முழு வேலையையும் செய்ய வையுங்கள். பக்கங்களைத் திறப்பது மட்டும் போதாது. இல்லாத பக்கத்தைக் கேளுங்கள். பெரிய ஸ்கேன் கோப்பு ஒன்றை இறக்குங்கள். அமைப்பை மாற்றி ரீலோட் கொடுங்கள். நள்ளிரவில் லொக் சுழல்கிறதே, அந்த இரவு கடக்கட்டும். நான் இரண்டு கிழமையாவது இந்த நிலையில் விட்டுவைப்பேன். பிறகு சூடோ ஏஏ-லொக்ப்ரொஃப் என்று அடித்தால், லொக்கில் சேர்ந்த ஒவ்வொன்றையும் காட்டி என்ன செய்யலாம் என்று கேட்கும். அனுமதி, மறுப்பு, உடுக்குறி போட்டுப் பொதுவாக்கு, அப்ஸ்ட்ராக்ஷனைச் சேர் என்று தெரிவுகள் வரும்.

ஒவ்வொரு கேள்விக்கும் கொப்பியைப் பாருங்கள். அந்த ஆறு வசனத்தில் எதற்குள் இது வருகிறது? எங்கள் பெட்டியில் முதலில் வந்தவை யூஎஸ்ஆர் கோப்புறைக்குள் இருக்கிற என்ஜின்எக்ஸின் மொடியூல் கோப்புகள். தம்பியின் பட்டியலில் அவை இல்லை. ஆனால் என்ஜின்எக்ஸின் சொந்தச் சாமான்தான் என்பது பாதையைப் பார்த்தாலே தெரிந்தது. சரி, சேர்த்தோம், கொப்பியிலும் எழுதினோம். எதற்குள்ளும் அடங்காத ஒன்று வந்தால் அனுமதிக்குமுன் ஏன் என்று தேடுங்கள்.

முறைப்பாட்டு நிலையிலும் ஒன்று மட்டும் தடுபடும்: டினை என்று தொடங்கும் மறுப்பு வரிகள். அவை எந்த நிலையிலும் தடுக்கும், அனுமதி வரியையும் வெல்லும். அதோடு லொக்கிலும் சத்தமில்லாமல் போய்விடும். ஆகவே பழகும் காலத்தில் மறுப்பு வரி எழுதாதீர்கள். எழுதாமல் விட்டதெல்லாம் எப்படியும் மறுக்கப்பட்டதுதான், அதுவும் லொக்கில் தெரியும்படி.

சான்றிதழ்: எனக்கு நடந்தது

முன்னர் வேறொரு இடத்தில், முதல் தடவையாக நான் இதைச் செய்தபோது ஏஏ-ஜென்ப்ரொஃப் கேட்டதற்கெல்லாம் ஓம் ஓம் என்று அடித்துக்கொண்டு போனேன். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகக் கொடுக்கிற சான்றிதழைப் பாவித்திருந்தோம். கருவி, ஆர்க்கைவ் கோப்புறைக்குள் ஃபுல்செயின்1, ப்ரைவ்கீ1 என்ற இரண்டு கோப்புகளைக் காட்டியது. அனுமதித்தேன். எல்லாம் வடிவாக ஓடியது.

மார்கழி மழை நாள் ஒன்றில் கரண்ட் போய் வந்தது. கொஞ்ச நேரத்தில் அங்கே பொறுப்பாக இருந்த ஐயா தொலைபேசி எடுத்தார். “கரண்ட் வந்து அரை மணித்தியாலமாகுது மனே. பக்கம் வருதில்ல.” போய்ப் பார்த்தால் என்ஜின்எக்ஸ் தொடங்கவே இல்லை. சூடோ போட்டு அமைப்பைச் சோதித்தேன். சான்றிதழை ஏற்ற முடியவில்லை, பெர்மிஷன் டினைட் என்றது.

முதல் பத்து நிமிடம் கோப்பின் உரிமைகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பிறகுதான் உறைத்தது: கேட்டது ரூட். ரூட்டாக நின்று கேட்டும் பெர்மிஷன் டினைட் வருகிறதென்றால் மறுத்தது சீஎச்மொட்டாக இருக்க முடியாது.

நடந்தது இதுதான். அப்போது லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாளைக்குத்தான் செல்லுபடியானது. முடிய 30 நாள் இருக்கும்போது, சான்றிதழைப் புதுப்பிக்கிற செர்ட்பொட் கருவி புதிதாக எடுத்தது. புதியது ஃபுல்செயின்2 என்ற பெயரில் வரும். நாம் அமைப்பில் எழுதுகிற லைவ் கோப்புறைப் பாதை வெறும் இணைப்பு; அது எதைக் காட்டுகிறதோ அந்த உண்மைக் கோப்பு ஆர்க்கைவுக்குள் இருக்கிறது. ஆப்ஆர்மர் பார்ப்பது உண்மைக் கோப்பின் பாதையை. என் கொள்கையில் ‘1’ மட்டும்தான் இருந்தது. புதுப்பித்த அன்றே ரீலோட் தோற்றிருக்கிறது. ஆனால் ரீலோட் தோற்றால் என்ஜின்எக்ஸ் விழாது, பழைய அமைப்போடும் பழைய சான்றிதழோடும் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தவருக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. கரண்ட் போய் முழுதாகத் தொடங்க வேண்டி வந்தபோதுதான் வெளிப்பட்டது.

அன்றைய நாளின் செயலைக் கருவி கொள்கையாக எழுதியது. நான் அதற்குக் கையெழுத்து வைத்தேன். ஆகவே இந்த வரியை நீங்களே எழுதுங்கள், இரட்டை உடுவோடு:

  /ஈடிசி/லெட்ஸ்என்கிரிப்ட்/ஆர்க்கைவ்/** ஆர்,

எழுதிய பிறகு அடுத்த புதுப்பித்தல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆர்க்கைவுக்குள் ஃபுல்செயின், ப்ரைவ்கீ கோப்புகள் இரண்டையும் வேறு இலக்கத்தில் கொப்பி எடுத்து, ஒரு தரம் அவற்றைக் காட்டும்படி அமைப்பை மாற்றி ரீலோட் செய்து பாருங்கள். சரி வந்தால் பழையபடி ஆக்கிவிட்டுக் கொப்பிகளை அழித்துவிடுங்கள்.

இன்னொன்று. அந்த மாதிரி நேரத்தில் கை தானாகவே சீஎச்மொட்டில் 777, அதாவது எல்லோருக்கும் எல்லா உரிமையும், கொடுக்கப் போகும். தனிச் சாவிக் கோப்புக்கு ஒருநாளும் அதைச் செய்யாதீர்கள். கொள்கை மறுப்பது மறுத்தபடியே இருக்கும். சாவி மட்டும் பெட்டியில் இருக்கிற எல்லோருக்கும் திறந்துவிடும்.

அமுல்படுத்திச் சோதித்தல்

இரண்டு கிழமை போய், ஏஏ-லொக்ப்ரொஃப் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்ற நிலை வந்ததும் சூடோ ஏஏ-என்ஃபோர்ஸ் கட்டளையை அதே கோப்புப் பாதையோடு அடியுங்கள்.

இப்போது சோதனை. பதிவேட்டுக் கோப்புறைக்குள் சோதனை.டிஎக்ஸ்டி என்று ஒரு வெற்றுக் கோப்பைப் போட்டு, கோப்புக்கும் கோப்புறைக்கும் எல்லோரும் வாசிக்கிற உரிமையைத் தற்காலிகமாகக் கொடுங்கள். உண்மையான பதிவேட்டை அதற்கு முன் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். என்ஜின்எக்ஸ் அமைப்பில் அந்தக் கோப்புறைக்கு ஒரு தற்காலிக வழி எழுதி ரீலோட் கொடுங்கள். அதாவது, மென்பொருளே வழிதவறி அங்கே போகச் சொல்கிறது, வழமையான உரிமையும் போகலாம் என்கிறது. கொள்கை மட்டும்தான் நடுவில் நிற்கிறது. உலாவியில் அந்த முகவரியைத் திறங்கள். அனுமதி இல்லை என்று பொருள்படுகிற 403 வர வேண்டும்.

தம்பி முதலில் முறைப்பாட்டு நிலையில் திறந்தார், கோப்பு வந்தது. அமுலுக்கு மாற்றித் திறந்தார், 403. திரும்ப மாற்றினார், வந்தது. நாலைந்து தரம் மாற்றி மாற்றிப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அது கண்ணால் பார்க்க வேண்டியது.

லொக்கில் இப்படி ஒரு வரி விழுந்திருக்கும்:

ஆப்ஆர்மர்="டினைட்" ஒப்பரேஷன்="ஓப்பன்" ப்ரொஃபைல்="என்ஜின்எக்ஸ்" நேம்="/எஸ்ஆர்வி/பதிவேடு/சோதனை.டிஎக்ஸ்டி" கொம்="என்ஜின்எக்ஸ்" ரிக்வெஸ்டட்_மாஸ்க்="ஆர்" டினைட்_மாஸ்க்="ஆர்" எஃப்எஸ்யூஐடி=33

இந்த வரியை இடமிருந்து வலமாகச் சொல்லிப் பழகுங்கள். மறுத்தேன், திறக்கப் போனது, என்ஜின்எக்ஸ் கொள்கையின் கீழ், இந்தக் கோப்பை, வாசிக்கக் கேட்டது, வாசிப்பை மறுத்தேன், கேட்டது 33ஆம் இலக்கப் பயனர், அதாவது இணையப் பயனர். யார், எதை, என்ன செய்யக் கேட்டார் என்ற மூன்றும் ஒரே வரியில் இருக்கிறது. முறைப்பாட்டு நிலை என்றால் டினைட் இருக்கிற இடத்தில் அலௌட் என்று இருக்கும். ஆப்ஆர்மரில் வருகிற சிக்கல்களில் முக்கால்வாசி இந்த வரியை வாசித்தால் தீரும்.

சோதனை முடிந்ததும் தற்காலிக வழியை அழித்து, உரிமைகளைப் பழையபடி ஆக்கி, பதிவேட்டைத் திரும்ப வையுங்கள். இந்த மூன்றையும் தாளில் எழுதி ஒவ்வொன்றாக வெட்டுங்கள்.

பிறகு ஏதாவது நின்றால்

ஆப்ஆர்மரையே நிறுத்திவிடுங்கள் என்று ஆலோசனை சொல்ல எப்போதும் ஆள் இருக்கும். ஒரு டீமனின் சிக்கலுக்காக எல்லா டீமன்களின் காவலையும் எடுப்பது அது. அவசரம் என்றால் அந்த ஒரு ப்ரொஃபைலை மட்டும் முறைப்பாட்டு நிலைக்கு இறக்குங்கள். பக்கம் ஓடும், லொக்கும் சேரும். ஆறுதலாக வரியை வாசித்து, தேவையான உரிமையைச் சேர்த்து, சூடோ ஆப்ஆர்மர்_பார்சர் கட்டளையைச் சின்னக் கோடு, ஆர், கோப்புப் பாதை என்று அடித்தால் திருத்திய கொள்கை ஏறும். ஏற்கனவே கொள்கைக்குள் ஓடுகிற டீமனுக்கு இந்தத் தரம் ரீஸ்டார்ட் தேவையில்லை. முடிந்ததும் ஏஏ-என்ஃபோர்ஸ்.

பொதியோடு வருகிற ப்ரொஃபைல்களில் மட்டும் நேரே கை வைக்காதீர்கள். உபுண்டுவின் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளப் பொதி தன் ப்ரொஃபைலோடுதான் வருகிறது. தரவுக் கோப்புறையைப் புதிய டிஸ்க்குக்கு மாற்றுகிறவர்கள் எல்லோரும் இதில் ஒரு தரம் முட்டுவார்கள்: உரிமை, சொந்தக்காரர் எல்லாம் சரி, ஆனால் மைஎஸ்கியூஎல் தொடங்காது. புதிய பாதை கொள்கையில் இல்லை. அதை /ஈடிசி/ஆப்ஆர்மர்.டி/லோக்கல்/ கோப்புறைக்குள், அதே பெயருடைய கோப்பில் சேர்க்க வேண்டும். அடுத்த அப்டேட் வந்தாலும் அங்கே எழுதியது அப்படியே இருக்கும்.

ரொக்கி, அல்மா, ஃபெடோரா என்ற லினக்ஸ்களைப் பாவிக்கிறவர்களுக்கு

உங்கள் பெட்டியில் இருப்பது எஸ்ஈலினக்ஸ். அமெரிக்காவின் தேசிய பாதுகாப்பு முகமை உருவாக்கி 2000இல் திறந்த மூலமாக வெளியிட்டது. ஆப்ஆர்மர் இம்யூனிக்ஸ் என்ற நிறுவனத்தில் வேறு பெயரில் தொடங்கி, 2010இல்தான் லினக்ஸ் கெர்னலின் பிரதான மூலத்துக்குள் வந்தது. நோக்கம் ஒன்று, வழி வேறு. ஆப்ஆர்மர் பாதையைப் பார்க்கிறது. எஸ்ஈலினக்ஸ் ஒவ்வொரு கோப்பிலும் ஒட்டியிருக்கிற சீட்டைப் பார்க்கிறது. என்ஜின்எக்ஸுக்கான கொள்கை அங்கே ஏற்கனவே எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது சஞ்சிகைக் கோப்புறைக்குச் சரியான சீட்டு ஒட்டுவது. செமனேஜ் எஃப்கொன்டெக்ஸ்ட் கட்டளையால் விதியை எழுதி, ரீஸ்டோர்கொன் கட்டளையால் ஒட்டலாம். வீட்டுக் கோப்புறையிலிருந்து கோப்புகளை நகர்த்திக் கொண்டுவந்தால் பழைய சீட்டோடே வரும், அப்போதும் ரீஸ்டோர்கொன்தான். அங்கேயும் முறைப்பாட்டு நிலை உண்டு, பெயர் பெர்மிசிவ்.

கடைசி வேலை, எந்தப் பெட்டியானாலும். ஐப்பசி பிறந்து மழை தொடங்குமுன், ஆக்கள் இல்லாத ஒரு காலையில் சேர்வரை முழுதாக ரீபூட் செய்யுங்கள். வந்ததும் ஏஏ-ஸ்டேட்டஸில் என்ஜின்எக்ஸ் அமுல் பட்டியலில் நிற்கிறதா என்று பாருங்கள், சஞ்சிகைப் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் திறந்து பாருங்கள். கல்லடி வாசிகசாலையில் அந்தத் திகதியைத் தம்பி கொப்பியின் முதல் பக்கத்தில், ஆறு வசனத்துக்குக் கீழே எழுதுகிறார்.